பட்டியலார் காலியாக விட்ட வரி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பட்டியலாரின் துணைவியார் அவர்களே, யாரும் கேட்காமலேயே வேலை செய்து பழகிய தோழர்களே, வணக்கம்.

உறவினர்களுக்காக ஒரு விளக்கம். வார்டில் யாருக்கு எந்த மருந்து, எந்த வேளைக்கு என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். யாரும் திருத்தி அனுப்பலாம். தொடங்கியவன் நான். இதில் சம்பளம் கிடையாது, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரையாவது ஒழுங்காகப் போட வேண்டாமா? அதற்குத்தான் பட்டியலார் இருந்தார்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பங்களித்தவர்களின் பட்டியலைப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்தார். நிரல் எழுதியவருக்கு மட்டுமா பெயர் போட்டார்? பிழையைக் கண்டு சொன்னவருக்குப் போட்டார். மொழிபெயர்த்தவருக்குப் போட்டார். ஒரு வசதி வேண்டவே வேண்டாம் என்று வாதாடி எங்களைக் காப்பாற்றிய மருந்தாளுநருக்கும் போட்டார். தன் பெயரை மூன்று இடத்தில் போட்டுக்கொண்டார். தன்னடக்கத்துக்காகப் பட்டியலைப் பொய்யாக்க முடியாது என்றார். எவ்வளவு நேர்மை! எவ்வளவு தொல்லை!

ஒரே மருந்தை இருமுறை கொடுக்கப் போனால் எச்சரிக்கும் பகுதிதான் எங்களுக்குப் புகழ் தந்தது. அதை எழுதியவர் ஒரு செவிலியர். மின்னஞ்சலில் எனக்கு அனுப்பினார். அவசரத்தில் அதை நகலெடுத்து என் கணினியிலிருந்து சேர்த்தேன். சேர்ப்பவர் பெயரில்தான் பதிவாகும். முதல் நாள் அது கைத்தவறு. அடுத்த ஒன்பது ஆண்டுகள் அதைக் கைத்தவறு என்று சொல்ல முடியாது; மாநாடுகளில் விளக்கவுரை வேறு ஆற்றினேன்.

பட்டியலார் மட்டும் நம்பவில்லை. "இது உங்க எழுத்து மாதிரி இல்லையே சார். படிச்சா புரியுதே" என்றார். ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்த வரிக்கு எதிரே பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டார். கோபித்தேன், கெஞ்சினேன், குழு கூட்டினேன். அசைந்தாரா? இல்லை.

சென்ற மாதம் மருத்துவமனையில் பார்க்கப் போனேன். நலம் விசாரிக்கத்தான் வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். துணைவியாரிடம் மடிக்கணினியை வாங்கி என் மடியில் வைத்தார்.

"நீங்களே மாத்துங்க."

மாற்றினேன்; காலியிடத்தில் அந்தச் செவிலியரின் பெயர் ஏறியது. கீழே இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னார்: பிழையைக் கண்டு சொன்னவர் என்று என் பெயர். "விதின்னா விதிதான் சார்" என்றார். எட்டு நாளில் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவர் இல்லாதது வலிக்கிறது. அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன் என்பதால் இந்த மேடையில் நிற்க முடிகிறது.

அந்தச் செவிலியர் இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நேற்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பட்டியலுக்குப் பொறுப்பேற்கும்படி வேண்டினேன். ஒப்புக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் தெரியல. நான் எழுதினது உங்க பேர்ல இன்னும் ரெண்டு இருக்கு."

தோழர்களே, பட்டியலாரின் பணியைத் தொடர்வோம் என்று உங்கள் சார்பில் உறுதி கூறுகிறேன். அந்த இரண்டை நாளைக் காலை நானே மாற்றுகிறேன் என்று என் சார்பில் உறுதி கூறுகிறேன்.