அட்டை என் பெயரில் இருந்தது

எனக்குப் போனில் பேசுவதுதான் பிடிக்கும், மேடம். நேரில் என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. என் முன்னாள் மனைவி ஜோலீனுக்கும் இது தெரியும்.

விவாகரத்தின்போது டொலிடோ நகர நீதிமன்றத்தில் நீதிபதி தெளிவாகத்தான் சொன்னார். மகள் ஹேட்டி அம்மாவோடு இருக்கட்டும். அவளுடைய மருத்துவக் காப்பீடு அப்பாவின் வேலை வழியாக நடக்கட்டும். வேலை மாறினால் உடனே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நானும் தலையாட்டினேன். நியாயமான உத்தரவு. ஹேட்டிக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் அவளால் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

காப்பீடு என் பெயரில் இருந்ததால் கம்பெனிக்காரர்கள் ஜோலீனிடம் எதுவும் பேச மாட்டார்கள். என்ன சிக்கல் வந்தாலும் அவள் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். ஒருமுறை, மருந்துக் கடையில் காட்ட வேண்டிய புதுக் காப்பீட்டு அட்டை என் வீட்டுக்கு வந்தது. அனுப்ப மறந்துவிட்டேன். அந்தத் தடவை உண்மையிலேயே மறந்தேன்.

"வெண்டல், அட்டை எங்க? கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டான். அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு."

"நாளைக்கே அனுப்பிடறேன். இன்னிக்கு என்ன சமையல்?"

"ஆமா, உன் தலை. புள்ளைக்கு மூச்சு இழுக்குது, இவருக்குச் சமையல் கேக்குது."

"சும்மாதான் கேட்டேன். பீன்ஸ் சூப்பா?"

"அதேதான். அட்டையை அனுப்பித் தொலை."

அன்று முழுக்க எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதன்பிறகு அவ்வப்போது மறந்தேன். ஒவ்வொரு முறையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் கூப்பிட்டாள். மறுநாளே எல்லாவற்றையும் சரி செய்துவிடுவேன். ஹேட்டிக்கு அப்போதெல்லாம் மருந்து நின்றதே இல்லை. நான் பொறுப்பான அப்பா.

பிறகு ஜோலீன் விவரமாகிவிட்டாள். அட்டை நேராகத் தன் வீட்டுக்கே வரும்படி நீதிமன்றத்தில் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டாள். போன் நின்றுபோனது. கோடை முழுவதும் ஓர் அழைப்பு கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் வேறு குரலே இல்லை, மேடம்.

இலையுதிர் காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலையை விட்டு லாரிக் கிடங்கு ஒன்றில் சேர்ந்தேன். காப்பீட்டுக்குப் பெயர் பதிந்த பெண் கேட்டாள்: "புள்ளைங்க யாராவது இருக்காங்களா, சேக்கணுமா?"

"இல்லம்மா, நான் மட்டும்தான்," என்றேன்.

நீதிமன்றத்துக்கும் வேலை மாறியதைச் சொல்லவில்லை. பழைய அட்டை செல்லாமல் போகும், ஜோலீன் கூப்பிடுவாள், நான் ஹேட்டியைச் சேர்த்துவிடுவேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஜோலீன் கூப்பிடவில்லை. ஏன் என்று பிறகு மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வருடம் முதல் ஹேட்டியே பள்ளி விட்டு வரும் வழியில் மருந்தை வாங்கிக்கொள்வாளாம். அட்டை செல்லாது என்று சொன்ன கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சார். அட்டை விஷயமா அப்பாகூடப் பேசினாலே அம்மா அழ ஆரம்பிச்சுடுவாங்க. வீட்ல இருக்கிறதையே நான் சிக்கனமா வச்சுக்கறேன்."

சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள். படியேறும்போதே அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

"என்னடா கண்ணு, இழுக்குதா?"

"சளிப்பா. அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை இன்னும் பலமாகக் கேட்டது. கிடங்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளைக் காப்பீட்டில் சேர்த்திருப்பார்கள். ஆனால் நானே சரி செய்துவிட்டால் ஜோலீன் எதற்காக என்னைக் கூப்பிடப் போகிறாள்? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று இருந்தேன். ஹேட்டிக்குச் சூடாகச் சாக்லேட் பால் கலக்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஹேட்டி அம்மா வீட்டுக் குளியலறையில் விழுந்துவிட்டாள். கையில் இருந்த இன்ஹேலர் காலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் ஒரே குழந்தை. இப்போதும் சனிக்கிழமை வந்தால் பாலைக் காய்ச்சிவிடுகிறேன், அப்புறம்தான் நினைவு வருகிறது.

நான்தான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பெயரை விட்டதும் நான்தான், அந்தச் சத்தத்தைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான்தான்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள், மேடம். ஆஸ்பத்திரியிலிருந்து ஜோலீன் கூப்பிட்டாள். அவள் அம்மாவை அல்ல, அக்காவை அல்ல, முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.