காட்டுப்பன்றி ஓடிபி கேட்பதில்லை

அவைக்குத் தலைமை தாங்கும் மட்டாஞ்சேரித் தமிழ் மன்றத் தலைவர், பெரியவர் சங்கரலிங்கம் அவர்களே! பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் அதிகாரிப் பெருமகனே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோரே! பஜாரில் மிளகு புடைத்த கையோடு அப்படியே வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த ஸ்வர்ணலதாவின் வணக்கம்.

இணையவழி விண்ணப்ப உதவி மையம் திறக்கிறோம், வாழ்த்திப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வாசலில் வீரலட்சுமியைப் பார்த்தேன். வாழ்த்து மடலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

யார் இந்த வீரலட்சுமி? அவர் கணவர் மாரிச்செல்வம் நம் பஜாரில் மூட்டை சுமந்தவர். இருவரும் ஆலுவாவுக்குக் கிழக்கே மலையோரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து மரவள்ளிக் கப்பைக்கிழங்கு போட்டார்கள். கிழங்கு பருக்கும் முன்பே காட்டுப்பன்றி வந்தது.

முன்பெல்லாம் என்ன செய்வோம்? மனுவை எழுதிக் கையில் கொடுப்போம். கையெழுத்தாகும். அன்று சாயங்காலமே உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் ஜோஸ் சேட்டன் தோட்டத்தில் நிற்பார். இப்போது பன்றியைச் சுட அனுமதி கேட்பதும் இணையத்தில்தான்! வேகமாம்! வெளிப்படையாம்! வீட்டிலிருந்தபடியே வேட்டைக்கு அனுமதியாம்!

சரி, விண்ணப்பித்தார்கள். எந்த எண்ணைக் கொடுத்து? சிரிக்காதீர்கள், உங்களுக்கே தெரியும்! ரேஷன் அட்டைக்கு எந்த எண்? கேஸ் சிலிண்டருக்கு எந்த எண்? நம் தெருவில் யார் எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி வருவது இந்த மன்றத்துக் கைப்பேசி எண்ணுக்குத்தானே? வேலை மாறும், வாடகை வீடு மாறும், சிம் மாறும். மன்றத்து எண் மாறாது என்ற நம்பிக்கை. பக்கத்துத் தோட்டத்துப் பாண்டித்துரையும் அதே எண்ணைத்தான் கொடுத்திருந்தார். இயந்திரம் என்ன கண்டது? ஒரே எண்ணென்றால் ஒரே ஆள். பாண்டித்துரைக்கு அனுமதி, வீரலட்சுமியின் மனு தள்ளுபடி!

"பக்கத்துத் தோட்டம் வரைக்கும் வந்துட்டீங்களே சேட்டா, வரப்பைத் தாண்டி ஒரு எட்டு வாங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார் வீரலட்சுமி.

"வர மனசுண்டு சேச்சி. ஆர்டர் இல்லாம வெடி வச்சா என்ட லைசன்ஸ் போகும்" என்றாராம் ஜோஸ் சேட்டன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கி வரப்புக்கு அந்தப்பக்கமே நின்றது. பன்றி நின்றதா? மறுநாள் விடியலில் மாரிச்செல்வத்தை முட்டித் தூக்கி எறிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. ஊர் மூட்டையெல்லாம் சுமந்த மனிதர், இன்று மூத்திரம் போக மனைவியின் தோளைப் பிடிக்கிறார். 

என்னம்மா அங்கே? உடைந்த இடுப்பைப் படம் பிடித்து அனுப்பலாமே என்கிறீர்களா? அனுப்பினோம் தாயே! படத்தின் அளவு பெரிதாம், ஏற்காதாம்! அந்த மனிதரின் வலி எந்த அளவுக்குள் அடங்கும், ஐயா?

இரண்டாம் முறை போட்ட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. பன்றியும் தோட்டத்தில் இருக்கிறது. மிச்சக் கிழங்கையாவது காப்பாற்ற, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வீரலட்சுமி தன்னந்தனியாகக் காவல் கிடக்கிறார்.

நான் இணையத்துக்கு எதிரியா? இல்லவே இல்லை. என் மகள் தன்யா கல்லூரியில் சேர்ந்ததே இணையத்தில்தான். ஜன்னலைத் திறந்தீர்கள், சந்தோஷம். வாசலை ஏன் சாத்தினீர்கள்? கேட்க ஒரு காது வேண்டாமா? வாங்க ஒரு கை வேண்டாமா? வரப்பு வரை வந்து பார்க்க ஒரு மனிதர் வேண்டாமா?

வீரலட்சுமி, மேலே வாம்மா. செருப்பைக் கழற்றாதே, இது கோயில் இல்லை. மனுவை ஐயாவிடம் நீட்டு. ஐயா, அனுமதி தரும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று சற்றுமுன் இந்த மேடையே சொன்னது. வாங்கிக்கொள்ளுங்கள்... என்ன ஐயா? மைக்கில் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா தாய்மார்களே? நேரில் வாங்க வழியில்லையாம். கீழே இருக்கும் புது மையத்தில் பதிவேற்ற வேண்டுமாம்!

போதும், இறங்கு வீரலட்சுமி. வைட்டிலாவில் பஸ் பிடிக்க நேரமாகிறது. இன்று நீ தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன். எனக்கும் ஒரு தகர டப்பா எடுத்து வை. வேறு யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... அடேயப்பா, இத்தனை கைகளா!

பேச இடம் தந்த மன்றத்துக்கு நன்றி. காவலுக்குக் கிளம்பும் கைகளுக்கு நன்றி. மனு வாங்கக் கை நீட்டாத ஐயா அவர்களுக்கும் வணக்கம், போய்வருகிறேன்.