கயிற்றை இழுத்துப் பார்க்காதவன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். வழியில் தெரிகிற செல்போன் டவர்களில் வேலைக்காக நான் ஏறியவற்றை எண்ணிக்கொண்டே போவேன். மொத்தம் பதினொன்று. உயரம் எனக்குப் பயமில்லை சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயபாண்டி நிலபுலம் உள்ள வீட்டுப் பையன். வெளிநாட்டில் பாராசூட் கட்டிக் குதிக்கப் படித்துவிட்டு வந்தவன். ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் கைவிடப்பட்ட நூறு மீட்டர் டவர் ஒன்று உண்டு. மூன்று பக்கமும் இரும்புக் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்து நிற்கும். அதிலிருந்து குதித்து வீடியோ போடுவான். கீழே நின்று காற்றுப் பார்த்து, குதிக்கலாம் என்று கை காட்டுவது என் வேலை, இல்லையென்றால் என் தம்பி பால்சாமியின் வேலை.

குதிப்பவனுக்கு எதிரி அந்தக் கம்பிகள்தான். பாராசூட் மாட்டினால் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். அதற்காக இடுப்புப் பையில் கயிறு, கொக்கி, இறங்கும் வளையம், கத்தி, விசில் எல்லாம் வைத்துக்கொள்வார்கள். கம்பியில் கயிற்றைக் கோத்து, பாராசூட் நரம்பை அறுத்துவிட்டு, தானே இறங்கிவிடலாம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது சிரித்தான்.

"அதெல்லாம் சுமை, கோட்டை. மாட்டுனா ஏறி எடுக்க நீங்க ரெண்டு பேரும் இருக்கீகள்ல?"

போன வருடம் தை மாதம் மாட்டினான். நான் மல்லாங்கிணற்றில் வேலையாக இருந்தேன். பால்சாமி ஏறினான். தன் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டிருக்கிறான். அப்புறம் காற்று அடித்தது. ஜெயபாண்டி இறங்கி வந்தான், என் தம்பி விழுந்து வந்தான்.

வயர் திருட ஏறியவன் தவறி விழுந்தான் என்று ஜெயபாண்டி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். அவன் இடுப்பில் இருந்தது என் தம்பியின் பெல்ட் என்று உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். பால்சாமி பெண்டாட்டி வெள்ளைத்தாயை ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "வயர் திருடன் வீட்டுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டாளாம். அதிலிருந்து அவள் கடைக்குப் போவதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். உண்மையை அவன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து நானே அவனிடம் போனேன். இனிமேல் அந்த இடுப்புப் பையைக் கட்டித் தருவது என் பொறுப்பு என்றேன். நிம்மதியாகச் சரி என்றான். எங்கள் ஆட்கள் கிணறு தூர் வாரி வளர்ந்தவர்கள். மேலே நிற்பவன் கட்டித் தந்த கயிற்றை இறங்குகிறவன் இழுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம், அப்புறம் அந்தக் கூட்டில் வேலை செய்ய முடியாது. அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். வெளிநாட்டில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, இந்த வழக்கம் அவனுக்குப் பிடித்துப்போனது. வீடியோவில்கூடப் பெருமையாகச் சொன்னான். பையை அவன் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

அறுபது மீட்டர் கயிற்றில் இருபதை வெட்டி எடுத்தேன். நுனியில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு இல்லாவிட்டால் வளையம் நழுவி ஆள் விழுந்துவிடுவான். நான் வேலையில் கவனக்குறைவானவன் இல்லை.

முதல் இரண்டு தடவை காற்று ஒழுங்காக இருந்தது, கை காட்டினேன், நல்லபடியாக இறங்கினான். மூன்றாவது தடவை காலை ஏழு மணிக்குக் காற்று டவர் பக்கம் திரும்பியது. அப்போதும் கை காட்டினேன்.

மாட்டினான். பதறவில்லை, சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் செய்தான். கயிறு முடிகிற இடம் வந்ததும் நின்றான். தரைக்கு இன்னும் நாலு மாடி உயரம் இருந்தது. கத்தி கையில் இருந்தது, ஆனால் அறுத்தால் கீழே பாறை.

"ஏ கோட்டை, கயிறு பத்தலடா."

"தெரியும் தம்பி. மிச்சம் எங்கிட்ட இருக்கு. கல்லைக் கட்டி எறிஞ்சா நீங்க பிடிச்சிரலாம். தலையில இருக்குற கேமராவைப் பார்த்து பால்சாமி எதுக்கு ஏறுனான்னு சொல்லுங்க. எறியிறேன்."

கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தையில் பேசினான். அப்புறம் விசில் ஊதினான். சத்தம் கேட்டு ஆடு மேய்க்கிற மாரிக்கனி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"யாருண்ணே, புடலங்காய் மாதிரி தொங்குறது?"

"சின்னவுக. பயிற்சி எடுக்குறாக தாயி."

"விடிஞ்சும் விடியாமயா? இவுகளுக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை, அவன் கத்தியது காற்றில் அவளுக்கு விளங்கவில்லை, அவளை விட்டுவிடுங்கள்.

இடுப்பு வாரில் அசையாமல் தொங்கினால் ரத்தமெல்லாம் காலில் இறங்கித் தேங்கிவிடும். அரை மணியில் மயக்கம் வரும், அப்புறம் நெஞ்சு நிற்கும். டவர் வேலைப் பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான்.

அவன் பிடிவாதத்தால் செத்தான் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று வெள்ளைத்தாயிடமும் சொன்னேன். இத்தனை நாளில் நானே அதை நம்பிவிட்டேன். என் தம்பி பெயருக்காகச் செய்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நாளைக்கே விட்டாலும் அதையே செய்வேன்.

கேமராவை நீங்கள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பாருங்கள். கயிறு முடிந்து நின்ற ஆறாவது நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பால்சாமி தன்னைக் காப்பாற்ற ஏறியது, பெல்ட், பொய்யாக எழுதிக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "அண்ணே, சொல்லிட்டேன்ல, எறிங்கண்ணே" என்றான். அதுவரை என்னை அவன் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

அதற்கு மேலும் இருபத்தாறு நிமிடம் ஓடுகிறது. அவன் அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவது மட்டும்தான் அதில் இருக்கும். கேட்க நன்றாக இருந்தது, கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.