பறவைப் பழமொழிக்குத் திருத்தம் எழுதிய ஆங்கில ஆசான் இளவழகனாருக்கு

நாள்தோறும் பள்ளி மணிக்கு முன்னே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சாலையைப் பார்த்த வாயிற் கரும்பலகையில் ஆங்கிலப் பழமொழி ஒன்றை அழகுற எழுதி, அதனடியில் அதன் பொருளை அருந்தமிழில் தீட்டி, இரண்டடி பின்னே நகர்ந்து, வரி சாய்ந்திருக்கிறதா எனத் தலை சாய்த்துப் பார்க்கும் ஆசானே! கோவில்பட்டியில் பிறந்து நெய்வேலிக்கு வாய்த்த நல்லவரே! பணி நிறைவு காணும் இளவழகனாரே! தங்களை வணங்கி நிற்கிறோம்.

சிந்திய பாலைப் பற்றியும், உருளும் கல்லைப் பற்றியும், காலத்தே போடும் தையலைப் பற்றியும் ஆங்கிலேயர் சொல்லிவைத்தவற்றை நம் நகரியத்துக்குச் சொந்தமாக்கியவர் தாங்கள். சுரங்கத்தில் ஜெனரல் ஷிப்டுக்குப் போவோரும் வண்டியை ஓரங்கட்டிப் படித்துவிட்டே போவார்கள். பொருளை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டீர்கள். வீட்டில் பொருந்துகிறதா என்று பார்த்துவரச் சொல்வீர்கள். “பால் சிந்தினா எங்க வூட்ல யாரும் அழுவ மாட்டாங்க சார், எங்கம்மா ஒதைப்பாங்க” என்று மாணவன் நிலவன் விளக்கம் சொன்னபோது, கண்ணில் நீர் வரச் சிரித்த கனிவாளரும் தாங்களே!

பிரம்பைத் தொட்டறியாதவர், வசைமொழி வாயில் வராதவர். பிழை செய்தவர் பெயரைச் சொல்லாது, பிழைக்கேற்ற பழமொழியை மறுநாள் பலகையில் எழுதுவதே தாங்கள் தரும் தண்டனை. அதனினும் மென்மையான தண்டனை உலகில் இல்லையென்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கை இவ்வாண்டு இடிந்தது. இடிந்த ஒலி இன்னும் எங்கள் காதுகளில் அடங்கவில்லை. பாராட்டு மடலில் இதை எழுதுவதா என்று பதறினோம். “அதை எழுதாத மடல் எனக்கு வேண்டாம்” என்று மறுத்துவிட்டீர்கள். உரிய மாணவியின் இசைவோடு எழுதுகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில், கம்மாபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவியிடம் துண்டுச்சீட்டு பிடிபட்டது. அவளோடு ஒரே பேருந்தில் வந்து, ஒன்றாகச் சோறு உண்டு, அன்று பக்கத்தில் அமர்ந்திருந்தவள் பவித்ரா. பவித்ராவிடம் சீட்டும் இல்லை. அவள்மீது புகாரும் இல்லை. ஆயினும் மறுநாள் காலை, ஒரே நிறச் சிறகுள்ள பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் பழமொழி பலகையில் நின்றது. கூடித் திரிபவர் குணத்தாலும் ஒருவரே என்று அதன் பொருளும் நின்றது. பெயர் இல்லை, தேவைப்படவும் இல்லை.

“பறவ வருதுடி, பேப்பர மூடு!” என்று ஒருத்தி தொடங்கினாள். “றெக்கைய எங்கடி மறைச்சி வெச்சிக்கினு வந்த?” என்றாள் இன்னொருத்தி. அதற்கு மறுநாள் பவித்ரா பள்ளிக்கு வரவில்லை; அதன் பிறகும் வரவில்லை.

சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான அவள் தந்தை சிங்காரவேல்தான் வந்தார், மாற்றுச் சான்றிதழ் கேட்டு! பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் வேளையில்!

“எம் பொண்ணு காப்பி அடிச்சாளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சார். அடிச்சான்னா நானே இட்டுகினு போயிடறேன். அடிக்கலன்னா போர்டுல எதுக்குங்க எழுதினீங்க? ஷிப்ட்ல கூட இருக்கறவன்லாம் கேக்கறான். அது சோறு துன்னாம அழுதுகினு கெடக்குது. பரிச்சையே எழுத மாட்டேன்னுது.”

அவரை அமரச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. தாங்களோ எழுந்து போய், சீட்டு வைத்திருந்த மாணவியை அழைத்துக் கேட்டீர்கள்.

“கிழிச்சிப் போட்ருடின்னுதான் சார் அவ சொன்னா. நான்தான் கேக்கல” என்று அவள் விம்மினாள்.

“அத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“யாருமே கேக்கலையே சார்.”

ஐயகோ!

இம்மடலை எங்களுக்காக வரையும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பரமசிவம், கதையில்லாமல் எதையும் சொல்லமாட்டார். உழுகிற டிராக்டருக்குப் பின்னே கொக்குகள் புழு பொறுக்கிச் சென்றனவாம். கூடவே ஒரு மைனாவும் நடந்ததாம். “எங்கள் இனமில்லாத நீ எங்களோடு ஏன் வருகிறாய்?” என்றதாம் ஒரு கொக்கு. “வயலுக்கு ஒரு டிராக்டர்தானே வந்தது!” என்றதாம் மைனா. கம்மாபுரத்துக்கும் அந்த நேரத்தில் ஒரே பேருந்துதான் ஐயா.

அன்று மாலையே கம்மாபுரம் சென்றீர்கள். வாசலில் நின்று, வயதில் மூத்த கைகளைக் கூப்பினீர்கள். பவித்ரா தலை நிமிரவில்லை. “இங்க வந்து சொல்றீங்க சார். அங்க எல்லாரும் படிச்சாங்களே” என்றாள்.

திரும்பிவந்து, பலகையில் எழுதி மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். துணைத் தலைமையாசிரியர் விஜயராஜ் திடுக்கிட்டார். “ரிட்டயர் ஆகற நேரத்துல இது தேவையா சார்? நாலு பேருக்கு முன்னாடி உங்க மரியாதை என்ன ஆகறது?”

“அந்தப் பொண்ணு மரியாதைய நாலு பேருக்கு முன்னாடிதானே எடுத்தேன், விஜயராஜ்.”

மறுநாள் காலை அதே பழமொழி, அதே பொருள். அதனடியில், இப்பள்ளிப் பலகை என்றும் காணாத வரிகள்: ‘இதை மாணவி பவித்ராவை எண்ணி எழுதினேன். அவர் குற்றமற்றவர். கேட்டறியாமல் எழுதியது என் குற்றம். இளவழகன்.’ எழுதிவிட்டு உள்ளே போனீர்களா? இல்லை! பலகையின் பக்கத்திலேயே நின்றீர்கள். மாணவர் சுற்றிக் கூடினர். சாலையில் வண்டிகள் நின்றன. தாங்கள் சொல்லியனுப்பியிருந்தபடி சிங்காரவேலின் வண்டியும் வந்து நின்றது. பின்னிருக்கையிலிருந்து இறங்கிய பவித்ரா, கடைசி வரிவரை படித்தாள். “வணக்கம் சார்” என்று மட்டும் சொல்லி வகுப்புக்குப் போனாள். பொதுத்தேர்வும் எழுதினாள்.

குற்றமே செய்யாதவரைப் பாராட்டுவது எளிது. செய்த குற்றத்தின் அருகே பட்டப்பகலில் நின்றவரை எப்படிப் பாராட்டுவதென்று தெரியாமல் திகைக்கிறோம். தங்கள் கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, துணைவியார் பார்வதி அம்மையாரோடு நெடுங்காலம் நிம்மதியாய் வாழ்க!

இம்மடலின் எஞ்சிய வரிகள் தங்களுக்கானவை அல்ல, பொறுத்தருள்க. இவ்வரங்கில் தந்தையோடு அமர்ந்திருக்கும் மகளே, பவித்ரா! அன்று காலை நாங்களும் அப்பலகையைப் படித்தோம். யாரைக் குறித்தது என்று புரிந்துகொண்டோம். புரிந்தும் வருகைப் பதிவிட உள்ளே போனோம். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஆசான் தம் பெயரை எழுதிவிட்டார். ஊரறிய நாங்களும் எழுதுகிறோம். எங்களை மன்னித்துவிடு, அம்மா.

கஸ்தூரியம்மாள், தலைமையாசிரியை
விஜயராஜ், துணைத் தலைமையாசிரியர்
மற்றும் அன்று அவ்வாயிலைக் கடந்துபோன ஆசிரியர், அலுவலர் அனைவரும்
நெய்வேலி