நீச்சக்காரரு வூடு

ஆமாங்க சார், நீச்சக்காரரு வூடு இதான். நான் அவரு சம்சாரம், அம்மாக்கண்ணு. மாலைய அப்படி மொறத்து மேல வைங்க. ஒடுகத்தூர்லேர்ந்து இந்த மழையில ஏறி வந்தீங்களா? குந்துங்க. இல்ல, அவரு வூட்ல இல்ல. வந்துருவாரு. வந்துருவாருங்க.

ஞாயித்துக்கெழமை பாராட்டு விழாவா? ஜீப்புல ஊர்வலமா? அய்யோ, அவருக்கு இதெல்லாம் கூச்சம் சார். போன தபா லீவுல வந்தப்போ பஸ்ஸவுட்டு எறங்கவே வுடல ஜனங்க. சலூன் கடையில அவரு போட்டோவ மாட்டி வெச்சிருக்காங்களாமே. ஒருத்தரு வந்து அவரு தோளத் தொட்டு அழுத்திப் பாத்தாரு சார், சந்தையில மாடு பாக்குற மாதிரி.

எங்க கத்துக்கினாரா? இங்கதான், ஆத்து மடுவுல, மீன் புடிக்கப் போயி. பட்டாளத்துல சேந்த பெறவு ஒரு ஆபீசரு பாத்துட்டு, லட்சுமணா, நீ தரையில நடக்கறதவிட தண்ணியில வேகமா போறியேடான்னு போட்டியில வுட்டாரு. ஃப்ரீ ஸ்டைலாம், நூறு மீட்டராம். பெங்களூர்ல ஒரே ஒரு தபா நானும் பாத்தேன். குதிச்சாரு, அவ்ளோதான், எது கையி எது தண்ணின்னே தெரியல. ஜனமெல்லாம் எழுந்து நின்னு இவரு பேரச் சொல்லிக் கத்துது. எனக்கு அழுகையே வந்துட்டுது.

சும்மாதான் எட்டிப் பாத்தேன் சார். ஒண்ணுமில்ல.

இன்னா கேட்டீங்க? அடுத்த போட்டி எப்பன்னா?

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இனிமே போட்டி கெடையாது. போன மாசம் பாதி தூரம் போயி அப்படியே நின்னுட்டாரு. தூக்கி மேல போட்டப்போ மொகமெல்லாம் நீலம். இருதயம் சரியில்ல, இன்னொரு தபா மூச்சு முட்ட நீஞ்சினா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஊருக்கு லீவுன்னு சொல்லிக்கினு இருக்கோம். அவருக்கு வெக்கம் சார். எல்லாரும் இன்னும் நீச்சக்காரரேன்னுதானே கூப்புடுது?

அதான் வந்த வெனை. காத்தால ஆத்துல வெள்ளம். பக்கத்து வூட்டு மாதம்மா ஆடு ஓட்டிக்கினு போனவ, நடு ஆத்துப் பாறையில மாட்டிக்கினா. ஊரே ஓடியாந்து வாசல்ல நின்னு, நீச்சக்காரரே, நீச்சக்காரரேன்னு கூவுது. நான் உள்ள அவரு கையப் புடிச்சிக்கினேன். நெஞ்சு சரியில்லன்னு நானே போயி சொல்லிடறேன், நீ வெளிய வராதய்யான்னேன். கைய மெதுவா எடுத்துவுட்டாரு. கரைக்கும் பாறைக்கும் நூறு மீட்டர் கூட இல்லடின்னாரு. கயித்த இடுப்புல கட்டிக்கினு போய்ட்டாரு.

நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். கரையில கத்திக்கினு இருந்த ஜனம் இப்ப கத்தலீங்க, சார். எனக்கு எழுந்து போவ காலு வரல. நீங்க கொஞ்சம் எறங்கிப் போயி பாக்கறீங்களா? நல்ல சேதின்னா அங்கேர்ந்தே கூவிடுங்க. இல்லாட்டி, மெதுவா வாங்க.