கடுவன் பூனையும் முன் வீடும்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கிறேன். தலைமை தாங்கும் நண்பர் ஜுனைட் அவர்களே, மேடையிலிருக்கும் உலமாக்களே, பாடசாலை அதிபர்களே, பெரியநீலாவணையிலிருந்து மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கும் கவிஞர் கிருஷாந்தன் அவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே, கல்முனையின் இந்த மண்டபத்தில் கதிரை கிடைக்காமல் வாசலில் நிற்கும் அன்பர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

கதிரை கிடைக்காமல் நிற்கிறீர்கள் என்றேன். உள்ளே நுழையும்போது அதைப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பொறாமை! என் நூல் வெளியீடு இதே மண்டபத்தில்தான் நடந்தது. பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. மழை என்று சமாதானம் சொன்னார்கள். இன்றும் மழைதானே?

இரங்கல் கூட்டத்தில் பொறாமையைப் பேசலாமா என்று தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். பேசாமல் விட்டால் நான் முபீனைப் பற்றி எதுவுமே பேச முடியாது, தலைவர் அவர்களே. முன்னாள் அதிபர், சிறுகதை எழுத்தாளர், நமது வெள்ளிமாலைக் கதை வட்டம் ‘கதைச் செம்மல்’ என்று பட்டம் சூட்டிய மருதமுனை முபீன் அவர்களோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவன் நான். ஒரே வட்டத்தில் கதை வாசித்தவன். நான் வாசித்தால் கொட்டாவி வரும். அவர் வாசித்தால் கண்ணீர் வரும். இதைத் தாங்கிக்கொண்டு ஒருவன் எத்தனை காலம் நல்லவனாக இருப்பது?

அவர் என்ன செய்தார்? நான் ‘அவள் நெஞ்சம் துயரத்தால் துடித்தது’ என்று எழுதுவேன். அவர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டார். அவள் வீட்டுக் கோழி முட்டையில்லாத கூட்டில் அடைகாத்துக்கொண்டிருப்பதை எழுதுவார். அவ்வளவுதான்! மீனவன் ஒருவனின் பயத்தை எழுத நான் மூன்று பக்கம் எடுப்பேன். அவர் கரையில் ஒரு நண்டை ஓடவிடுவார். அது வளைக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கும். வாசித்தவர்களுக்கு வியர்த்துவிடும்.

அது எழுத்தில் மட்டுமா? அதிபராக இருந்தபோது பிள்ளைகளிடம், ‘உங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு உயிரைப் பற்றி எழுதுங்கள்’ என்றார். மாவடிப்பள்ளியிலிருந்து வந்த றுஸ்தா என்ற மாணவி இப்படி எழுதினாள்: ‘எங்கட மாடு கட்டையச் சுத்திச் சுத்திக் கயிறு குறுகிப் போயிட்டு. இப்ப புல்லு எட்டல்ல. அது கத்தவும் இல்ல.’ வகுப்பாசிரியர் நான். ‘கட்டுரை நீளம் போதாது’ என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன். முபீன் அதை வாசித்துவிட்டு அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் படிப்பை நிறுத்தி அவளுக்குக் கலியாணம் முடித்துவைப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது! அவள் தகப்பனோடு அவர் என்ன கதைத்தாரோ தெரியாது. பிள்ளை தொடர்ந்து படித்தாள். இன்று ஆசிரியையாகத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். என் வகுப்புப் பிள்ளை, என் கையால் திருத்திய கட்டுரை. நன்றி போனது யாருக்கு? முபீனுக்கு!

இப்போது பூனைக்கு வருகிறேன். முபீனின் அந்தப் பூனைக் கதையை அறியாதவர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

நமது ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சந்தோஷமாகத்தான் போவோம். நானும் போனேன், முபீனும் போனார். அவர் கதையில் ஒரு குடும்பம் அப்படிப் பின் வீட்டுக்குப் போகிறது. கூடவே பூனையும் போகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பூனை முன் வீட்டுப் படியில் வந்து இருக்கிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது. பூனை உள்ளே போவதில்லை. யாராவது கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டிலுள்ளவர்களோ, ‘நம்மட பூனைதானே, அதுக்கென்ன அழைப்பு’ என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இருட்டியதும் அது எழுந்து பின்னால் போகிறது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

வட்டத்தில் அவர் அதை வாசித்தார். அந்தப் பூனை யார் என்று விவாதம் நடந்தது. உம்மாதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சமைத்த குசினியை விட்டுப் போன உம்மா, பெட்டகத்தை விட்டுப் போன உம்மா! நானும் அப்படித்தான் ஒரு நீண்ட விமர்சனம் செய்தேன். முபீன் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் என் மனைவி சரீபாவிடம் கதையைக் கொடுத்தேன். அவர் என் கதைகளை வாசிப்பதில்லை, சபையோரே! ‘பொறகு பாப்பம்’ என்பார். இந்தக் கதையை நின்ற நிலையில் வாசித்தார். வாசித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு உடம்பு எரிந்தது! என் மனைவி தன் குசினியை நினைத்து இவ்வளவு வேதனைப்படுகிறாள், கூட இருக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பகல் சோறு தின்றுவிட்டுப் போன முபீனுக்குத் தெரிந்துவிட்டதா? அவர் எழுத்தின் மேல் இருந்த பொறாமையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது எது என்று ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். என் மனைவியின் மனது உனக்கெப்படித் தெரியும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் தோற்றுப்போவேன் என்று இருந்தேன்.

முபீன் மௌத்தாகிவிட்டார். கணவனை இழந்து இத்தாக் காலத்தில் வீட்டோடு இருக்கும் அவர் மனைவி மைமூனாவைப் பார்க்கப் போன சரீபா திரும்பி வந்து என் முன்னால் இருந்தார்.

“இஞ்ச, உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கிறன். அந்தப் பூனை என்ன பூனை?”

“என்ன பூனை எண்டா? பூனைதான்.”

“கதையிட மொதல் வரியிலயே கடுவன் எண்டு எழுதியிரிக்கி. நீங்களெல்லாம் பெரிய எழுத்தாளர்மார். ஒருத்தரும் பாக்கல்லியா?”

சபையோரே, ஒருவரும் பார்க்கவில்லை! கடுவன் பூனை. ஆண் பூனை. வீட்டை விட்டுக் கொடுத்த கவலை உம்மாவுக்குத்தான் வரும் என்று நாமாக முடிவுகட்டிவிட்டோம். வாப்பாவுக்கு என்ன, கடைத்தெருவும் பள்ளிவாசலும் இருக்கின்றன என்று நினைத்துவிட்டோம். மைமூனா சொன்னாராம்:

“அஸர் தொழுதிட்டு வந்து மகள்ட வாசல்ல நிப்பாருகா. ‘கடைக்கி ஏதும் வேணுமா மகள்’ எண்டு கேப்பார். இல்ல எண்டா திரும்பி வந்திருவார். உள்ளுக்குப் போய் இரிங்களன் எண்டு நான் செல்லுவன். ‘கூப்பிடட்டும்’ எண்டுவார். அவள் என்ன செய்வாள், பாவம்? வாப்பாவக் கூப்பிடணும் எண்டு அவளுக்குத் தெரியாதே!”

முபீன் வேறு யாரையும் எழுதவில்லை. தன்னைத்தான் எழுதினார். வாயால் சொன்னால் ஊர் சிரிக்கும், மருமகன் மனம் நோவார், மகள் அழுவாள். அதனால் ஒரு பூனையைப் படியில் கொண்டுவந்து இருத்தினார். நான் சரீபாவைக் கேட்டேன், ‘அப்ப நீங்க என்னத்துக்கு அழுதீங்க?’ என்று.

“உங்கள நினைச்சித்தான்” என்றார். “நீங்களும் முஸ்பிறாட வாசலோட திரும்பி வாறீங்கதானே? நான் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்.”

முஸ்பிறா என் மகள்.

முபீனை அடக்கம் செய்ய ஜனாஸா எடுத்த அன்று உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பின் வீட்டு வாசல் ஒடுக்கம், அங்கேயே குளிப்பாட்டுவோமா, என்ன செய்வோம் என்று ஆட்கள் யோசித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது மகள் ஆகிலா முன் வீட்டுக் கதவடியில் நின்று சத்தம் போட்டுச் சொன்னாள், “வாப்பாவ உள்ளுக்குக் கொண்டு வாங்க! இது வாப்பாட ஊடு!” நாங்கள் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினோம். ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன். அப்போது எனக்குக் கடுவன் பற்றித் தெரியாது. ஆகிலா, மகளே, உன்னை யாரும் குறை சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?

முபீனின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். கதை வட்டம் வெள்ளிதோறும் கூடும். அவருடைய கதைகள் எல்லாம் ஒரே நூலாக வரும். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் என்னைப் பூனை எழுதச் சொல்லாதீர்கள். எனக்கு அது வராது. இந்த மண்டபத்தை விட்டு நேராக மகள் முஸ்பிறாவின் வீட்டுக்குப் போகிறேன். கடைக்கு ஏதும் வேணுமா என்று கேட்கமாட்டேன். உள்ளே போய் என் பழைய சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, மகளே, இந்த வீட்டின் நினைவு எனக்கு வருகிறது என்று சொல்லப்போகிறேன். திரைக்கு அப்பாலிருக்கும் மகள்மாரே, உங்கள் வாப்பாமாரும் இன்று வாசலுக்கு வருவார்கள். ஒரு வார்த்தை கூப்பிடுங்கள்.

முபீன்! அல்லாஹ் நீ உறங்கும் கபுறை விசாலமாக்குவானாக. ஆனாலும் பொறாமை அடங்கவில்லையடா நண்பா. எனக்கும் ஒரு முன் வீடு இருந்ததே! எனக்கும் அந்தப் படி இருந்ததே! என் வளவிலும் ஒரு கடுவன் திரிந்ததே! அந்தக் கதையை நானல்லவா எழுதியிருக்க வேண்டும்?