தன் கட்டுரையைத் தானே திருத்திய டாக்டர் திலகம்

கத்தி பிடித்த கையால் கட்டுரையும் வடித்தவரே! செம்பனைக் காட்டு முள்ளிலிருந்து உலகம் படிக்கும் உண்மையை எடுத்துக் காட்டியவரே! எங்கள் தலைமை அறுவைச் சிகிச்சை நிபுணர், மாண்புமிகு டாக்டர் திலகம் அப்பளசாமி அவர்களே! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே இந்தப் பாராட்டு விழாவில் கூடியிருப்போருக்கே தங்கள் கதையைச் சொல்கிறோம். சற்றே பொறுத்து அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கோலசிலாங்கூர் வட்டார மக்களின் வலி தீர்த்தவர். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் முள் குத்தி, வீங்கிய கையும் காலுமாக வாரந்தோறும் தொழிலாளர்கள் வருவார்கள். இந்தக் காயத்துக்கென்று பாடநூலில் அரைப் பக்கம்கூட இல்லையே என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்திலேயே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரங்களைத் திரட்டிக் கட்டுரை எழுதினார். இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின, மூன்றாவது வெளியிட்டது. ஏழே ஆண்டுகளில் தொண்ணூற்றாறு ஆய்வுக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின! வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டால் உள்ளே முள் இல்லை, மேற்கொண்டு தேட வேண்டாம் என்பது அக்கட்டுரையின் முடிவு.

அந்த முடிவைத்தான் ஒருநாள் நல்லம்மாள் உடைத்துப் போட்டார். சுங்கை ஆயர் தாவார் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் அந்த அம்மாளை, வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று டாக்டரே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எட்டு மாதம் கழித்து, மடக்க முடியாத முழங்காலோடு அவர் திரும்பி வந்தார். ஸ்கேன் எடுத்தால், மூட்டுக்குள் அரிசியளவு முள்!

நல்லம்மாள் சண்டை போடவில்லை. "ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டார்.

முள்ளை எடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கேள்வி டாக்டரை விடவில்லை. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில், முள் இல்லை என்று தாம் அனுப்பிவைத்த எண்பத்தேழு பேரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, தாதி ஜெய்புன்னிசாவோடு ஞாயிறுதோறும் தோட்டம் தோட்டமாக அலைந்தார். சிலர் உலு யாம் வரை இடம் மாறிப் போயிருந்தார்கள், அங்கும் போனார். ஒவ்வொருவரையும் அழைத்து வந்து ஸ்கேன் செய்ததில் பத்தொன்பது பேரின் உடலில் இன்னும் முள் இருந்தது.

பதவி உயர்வு நெருங்கிய நேரம் அது. மூத்த மருத்துவர் ஒருவர், புதிய கட்டுரை வேண்டுமானால் எழுதுங்கள், பழையது தவறு என்று ஏன் நீங்களே சொல்ல வேண்டும் என்று அக்கறையோடுதான் கேட்டார். டாக்டர் சொன்ன பதிலை எங்கள் பிரிவில் அறியாதவர் இல்லை.

"என் கட்டுரைய நம்பி எங்கயோ ஒரு டாக்டர் இன்னிக்கும் நோயாளிய வீட்டுக்கு அனுப்பிக்கிட்டிருப்பாரு. அத நிறுத்தணும்லா."

முதல் வரியிலேயே 'நான் தவறினேன்' என்று தொடங்கி இரண்டாம் கட்டுரை வெளிவந்தது. பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் மேற்கோள் ஆறே ஆறு. பிறகு செம்பனை விளையும் நாடுகளெல்லாம் அதைப் படிக்கத் தொடங்கின. வீக்கம் வடிந்தாலும் மூன்று மாதத்தில் கட்டாயம் ஸ்கேன் என்று அதில் அவர் சொன்ன விதி நாடு கடந்து நடைமுறையானது. மேற்கோள்கள் நானூற்றுப் பன்னிரண்டு!

நானூற்றுப் பதின்மூன்றாவது போன வாரம் வந்தது. சுமத்ராவில் ஓர் இளம் மருத்துவர் எழுதியது. மூன்று மாதம் காத்திருப்பது வீண், ஆறு வாரத்திலேயே முள்ளைக் கண்டுவிடலாம், இந்த இடத்தில் டாக்டர் திலகம் சொன்னது தவறு என்று சான்றோடு நிறுவியிருந்தார். டாக்டர் அதைப் படித்தார். எழுந்தார். வார்டு முழுவதற்கும் கரிப்பாப்புப் பலகாரமும் தேநீரும் வரவழைத்தார். அந்தக் கட்டுரையை அறிவிப்புப் பலகையில் தம் கையாலேயே குத்தி, மேலே சிவப்பு மையில் எழுதினார்: 'இனி இதன்படி செய்யவும்.'

பெருமைக்குரிய டாக்டர் அவர்களே! அன்று முதல் ஆறு வாரத்தில்தான் ஸ்கேன் எடுக்கிறோம். குன்றாத நலமும் குறையாத மகிழ்வும் கூடி, தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நாங்கள் எழுதப் போகும் கட்டுரைகளில் பிழை இருந்தால், முதல் ஆளாகத் தாங்களே சொல்ல வேண்டும்.

அன்பில் நெகிழும்,
அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், தாதியர், பணியாளர்கள்